இடது பதினைந்து, வலது பதினைந்து

இன்னும் அரை மணி நேரம். அவினாசி ரோட்டில் லாரி எதுவும் குறுக்கே நின்றால் முக்கால் மணி. தாரணி போனைக் கட்டில்மேல் போட்டுவிட்டு, போட்ட இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். போனில் ரெண்டு வார்த்தைக்குமேல் பேசாத மனுஷி அவள் மாமியார். இன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்று மூச்சு விடாமல் பேசிவிட்டு வைத்திருக்கிறாள். "அம்மிணி, பையனுக்கு எடை ஏறவே இல்ல. போன வாரத்துக்கு இந்த வாரம் அம்பது கிராம் கொறஞ்சிருக்குது. பொறந்தப்ப இருந்த எடைகூட இல்லீங்கறாரு டாக்டரு. டப்பாப் பால் எழுதிக் குடுத்தாரு, நான் சீட்ட வாங்கிக் கிழிச்சுப் போட்டுட்டேன். நம்மூட்ல உன்னையாட்டம் ஒருத்தி இருக்கறப்ப எம்பேரனுக்கு எதுக்கு டப்பா? வந்ததும் உங்கிட்டத்தான் குடுக்கறேன். மேலுக்கு ஊத்திட்டுத் தயாரா இரு." அவ்வளவுதான். சரிங்க அத்தை என்று சொல்ல வாய் திறப்பதற்குள் வைத்தாயிற்று. தயாரா இரு. என்னத்தைத் தயாராக இருப்பது? தொட்டிலில் மிளிர் தூங்கிக்கொண்டிருந்தாள், ஐந்து மாதக் குழந்தை, சேலைத் தொட்டில் தரையில் முட்டும் அளவுக்குக் கனம். வாய் லேசாகத் திறந்திருந்தது. உதட்டோரத்தில் காய்ந்த பால். டப்பாப் பால். இந்த வீட்டில் அது டப்பாப் பால் என்று தெரிந்தவள் ஒருத்திதான், அந்த ஒருத்தி இப்போது கட்டிலோரமாக நின்றுகொண்டு, குளிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

குளித்தாள். குளித்தால் மட்டும் வந்துவிடுமா, கேட்கிறேன். சுடுதண்ணீரை நெஞ்சில் ஊற்றி, மூன்று மாதத்துக்கு முன்னால் பால்தோழி சொல்லிக்கொடுத்த மாதிரி வட்டமாக, மேலிருந்து கீழாக, காம்பைப் பார்த்து நீவினாள். பால்தோழி என்பது போனில் இருக்கும் ஆப். முந்தானை போர்த்திய ஒரு பொம்மைப் பெண் சிரித்துக்கொண்டே வந்து பேசுவாள். இன்று எத்தனை முறை கொடுத்தீர்கள் அம்மா? இடப்பக்கமா வலப்பக்கமா? குழந்தை எத்தனை முறை நனைத்தது? நீங்கள் இன்று எப்படி இருக்கிறீர்கள்? என்று கேட்டு மூன்று முகங்களைக் காட்டுவாள், சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம். நல்லதுதான், குறை சொல்வதற்கில்லை. முதல் மாதத்தில் தாராபுரத்தில் அம்மா வீட்டில் இருந்தபோது, குழந்தையை எப்படிச் சாய்த்துப் பிடிப்பது, எவ்வளவு வாய் திறந்ததும் வைப்பது என்று படம் போட்டு அந்தப் பொம்மைதான் சொல்லிக்கொடுத்தாள். அப்போது பால் இருந்தது. ஐயோ, எப்படி இருந்தது! ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் சொட்டும். பிறகு முப்பத்தெட்டாம் நாள் இடது பக்கம் கல்லாகக் கட்டிக்கொண்டு, குளிர்க்காய்ச்சல் வந்து, கீறிச் சீழ் எடுத்து, ரெண்டு வாரம் மாத்திரை தின்றதில் இடது வற்றியது. வலது, ஜோடி போனதற்கு வருத்தப்பட்ட மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூடவே போனது. அம்மாதான் முதல் டப்பாவை வாங்கி வந்தாள். கையில் கொடுத்துவிட்டு, கையை விடாமலே சொன்னாள்: "உன்ற மாமியாளுக்கு மட்டும் தெரியப்படாது கண்ணு. பத்தியம் ஒழுங்காப் போடலீன்னு நாளைக்கு எம்மூஞ்சியப் பாத்துக் கேப்பாங்க." அப்படி ஆரம்பித்ததுதான். அம்மாவின் முகத்தைக் காப்பாற்ற. நீவ நீவ நெஞ்சு சிவந்ததே தவிர, தண்ணீரைத் தவிர அதிலிருந்து ஒன்றும் வழியவில்லை.

பொய் சொல்வது அவ்வளவு சுலபமாக இருந்திருக்காது, அந்த ஆப்பில் குடும்ப வட்டம் என்று ஒன்று இல்லாமல் இருந்தால். அவளுடைய வீட்டுக்காரர் சிவசங்கர் ஆசையாக ஏற்பாடு செய்தது அது. நானும் பார்க்கணும், அம்மாவும் பார்க்கட்டும் என்று ரெண்டு பேரையும் சேர்த்துவிட்டார். இவள் ஒரு முறை பால் கொடுத்து முடித்தால் அந்த ரெண்டு போனிலும் மணி அடிக்கும். இடது, ரோஜா நிறத்தில் ஒரு கட்டம். வலது, நீலத்தில் ஒரு கட்டம். அத்தைக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், ஆனால் கட்டம் எண்ண வரும். காலையில் காபியோடு உட்கார்ந்து நேற்றைய கட்டங்களை எண்ணிவிட்டு, சொந்தக்காரர்களின் வாட்சப் குழுவில் படமெடுத்துப் போட்டுவிடுவாள். என்ற சின்ன மருமவ எட்டு நேரம் குடுத்திருக்கறா. அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு. அட, கும்பிடு எதற்கு என்று ஒருத்தராவது யோசித்தார்களா? பாட்டிலை மிளிரின் வாயில் வைத்ததும் தாரணி இடதை அமுக்குவாள். ஏழு நிமிஷத்தில் பாட்டில் காலி. மிச்ச எட்டு நிமிஷம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். பிறகு வலது, இன்னொரு பதினைந்து நிமிஷம். கதவு உள்ளே தாழ் போட்டிருக்கும், அதை யாரும் தட்ட மாட்டார்கள். தட்டக்கூடாது என்பது அத்தையின் சட்டம். பால் குடுக்கறத யாரும் பாக்கப்படாது, கண்ணுபட்டா சுண்டிப் போயிரும். அந்தச் சட்டத்துக்குள்தான் தாரணி மூன்று மாதமாகக் குடியிருந்தாள். டப்பா அலமாரியின் கீழ்த்தட்டில், தீட்டுத்துணி வைக்கிற பைக்குள் இருந்தது. அந்தப் பையை இந்த வீட்டில் யாரும் கனவில்கூடத் தொட மாட்டார்கள். மாதாமாதம் ஊசி போடக் குழந்தையைக் கூட்டிப்போகும் நாளில், சிவசங்கர் காரைத் திருப்புவதற்குள் ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் நாலு பெரிய டப்பா வாங்கிக் குழந்தைத் துணிப்பைக்குள் திணித்துவிடுவாள். வெந்நீருக்குத்தான் கஷ்டமே இல்லை, பிள்ளை பெற்றவள் பச்சைத்தண்ணீர் குடிக்கக்கூடாது என்று அத்தையே ப்ளாஸ்க் நிறைய ஊற்றிக் கொண்டுவந்து வைத்துவிடுவாள்.

துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது பதினொன்று ஆக ஐந்து நிமிஷம் இருந்தது. எந்த நைட்டி? முன்னால் ஜிப் வைத்தது. எதற்கும் இருக்கட்டும். காய்ச்சல் என்று சொல்லலாம். காய்ச்சல் என்றால் அத்தை நெற்றியைத் தொடுவாள், தொட்டுவிட்டு, ஒண்ணுமில்லீயே என்பாள். மாத்திரை சாப்பிட்டேன் என்று சொல்லலாம், எந்த மாத்திரை, எதுக்கு மாத்திரை, எங்கிட்டச் சொல்லவே இல்லீயே, அப்புறம் மிளிருக்கு மட்டும் எப்படிக் குடுக்கறே? மிளிரை எழுப்பி அழவிட்டு, இவளுக்கே பத்தவில்லை அத்தை என்று சொல்லலாம். இவளுக்கா? இவள் தொடையைப் பார்த்துவிட்டு யார் நம்புவார்கள்? அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று பையைத் தூக்கிக்கொண்டு தாராபுரம் பஸ் ஏறிவிடலாம். அரை மணியில்? சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து நின்றது புத்தி. எனக்குப் பால் இல்லீங்க அத்தை. சொல்லிப் பார்த்தாள், சத்தமில்லாமல், கண்ணாடியைப் பார்த்து. எனக்கும் பால் இல்லீங்க. மூணு மாசமா இவ டப்பாலதான் வளர்றா. டப்பாலயும் குழந்தை நல்லா வளரும், பாருங்க. இதைச் சொன்னால் அந்த நிமிஷமே அந்தப் பையனுக்குப் பால் கிடைக்கும். ரெண்டடி தள்ளி அலமாரி. பாட்டில், வெந்நீர், எல்லாம் இருக்கிறது. எவ்வளவு சின்ன வாக்கியம். ஆனால் எனக்கும் என்கிற அந்த இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. எனக்கும் என்றால் கோகிலாவோடு சேர்ந்துகொள்வது. கோகிலா நிற்கிற வரிசையில் போய் நிற்பது.

கோகிலவாணி, மூத்த மருமகள். பெரியவர் கதிர்வேலின் பெண்டாட்டி, கீழ்வீட்டில் இருக்கிறாள். அம்மா இல்லாதவள் என்பதால் பிள்ளைப்பேறு பார்ப்பதும் இங்கேயே என்று ஆகிவிட்டது. ஏழு வருஷம் குழந்தையில்லை, கோயம்புத்தூருக்கு நடையாக நடந்து, ஊசியாகப் போட்டு, எட்டாம் மாசத்திலேயே பிறந்த பையன். இருபத்துநாலு நாள் ஆகிறது, இன்னும் பெயர் வைக்கவில்லை, தம்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவளுக்குப் பால் சரியாக ஊறவில்லை. அதற்கு அவளை என்ன பேச்சுப் பேசினாள் அத்தை! மேல்வீட்ல பாரு, மேல்வீட்ல பாரு. பால்தோழியைக் கோகிலாவின் போனிலும் போடவைத்து, அவளையும் அந்தக் குடும்ப வட்டத்தில் சேர்த்து, ரெண்டு பேர் கட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணினாள். ரெண்டு வேளை பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, வெந்தயக் கஞ்சி. தட்டில் மிச்சம் வைத்தால் அதற்கும் மேல்வீட்டைப் பாரு. சத்தம் மாடிப்படி ஏறி வரும். தாரணிக்கு அது கேட்கும்போது சங்கடமாக இருந்ததா? இருந்தது. சங்கடம் மட்டுமா? அதைத்தான் அவள் யோசிக்காமல் விட்டிருந்தாள், இப்போது நைட்டியின் ஜிப்பை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும்போது அது தானாக வந்து எதிரே உட்கார்ந்தது. இனித்தது. வெட்கங்கெட்டுச் சொன்னால், இனித்தது. கல்யாணமாகி வந்த புதிதில், இவள் வேலை பார்த்த பனியன் கம்பெனியைப் பற்றி யாரோ கேட்டபோது, "செக்கிங்ல நின்னுட்டிருந்தா" என்று கோகிலா சொன்னாள். தைத்த பீஸைச் சரிபார்க்கும் அந்தப் பிரிவில் சூப்பர்வைசர் என்று சொல்லவில்லை. நின்னுட்டிருந்தா. அவள் என்ஜினீயரிங் படித்தவள், கார் ஓட்டுவாள், அத்தையே அவளிடம் கேட்டுவிட்டுத்தான் வங்கிக்குப் போவாள். அப்புறம் தாரணிக்கு ஏழாம் மாச வளைகாப்பு வந்தது, கோகிலாவுக்கு அப்போது இன்னும் ஒன்றும் தங்கவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு வளையல் போட வந்த கோகிலாவைப் பார்த்து அத்தை, எல்லார் முன்னாலும், சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நீ போயி எலை போட்டாச்சான்னு பாரு கண்ணு." கோகிலா தட்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். தாரணி கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்காவும் போடட்டுங்க அத்தை என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? சொல்லவில்லை. அடுத்த வளையலுக்குக் கையைத் திருப்பிக் காட்டினாள்.

போன் டிங் என்றது. பால்தோழி. நூற்று ஐம்பது நாள் நிறைவு, நீங்கள் ஒரு பாலமுதத் தாய்! கீழே வழக்கம்போல ஒரு வரி: ஏதேனும் சிரமமா? எங்கள் ஆலோசகர் உங்களோடு பேசக் காத்திருக்கிறார். ஒரே ஒரு முறை, ரெண்டாம் மாதத்தில், அந்த வரியைத் தொட்டிருக்கிறாள். பால் சுத்தமா நின்னுபோச்சு மேடம், டப்பாப் பால் குடுக்கறேன், தப்பா? என்று அடித்தாள். அடித்துவிட்டு, இது குடும்ப வட்டத்தில் தெரியுமோ என்று பயந்து, ஓர் எழுத்து விடாமல் அழித்தாள். தெரியாது என்று பிறகுதான் புரிந்தது, அதற்குள் கட்டங்கள் நூறைத் தாண்டிவிட்டன. அந்த மேடம் என்ன சொல்லியிருப்பாள்? தப்பில்லை அம்மா என்று சொல்லியிருப்பாளோ? அதை நினைக்கவே எரிச்சலாக வந்தது. தினமும் சிரிக்கிற முகத்தைத் தொட்டுத் தொட்டு, அந்த முகத்தில் அவள் விரல் ரேகை பதிந்திருக்கும். இன்றைக்கும் தொட்டாள். அத்தை காரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு சொட்டு வந்தால் போதும். ஒரே ஒரு சொட்டு. கட்டிலில் உட்கார்ந்து ஜிப்பை இறக்கி, வலது பக்கத்தை ரெண்டு விரலால் பிடித்து அமுக்கினாள். காம்பின் நுனியில் ஏதோ மினுங்கியது. அட! மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் அமுக்கினாள். குளித்த தண்ணீர். துடைத்ததும் ஒன்றுமில்லை. அமுக்க அமுக்க வலித்தது, நகம் பட்டுக் கோடு விழுந்தது. சரி, பையன் உறிஞ்சினால் ஊறும் என்று பொம்மை சொல்லியிருக்கிறாளே, மூன்று மாசம் கழித்தும் ஊறுமா, யாருக்காவது ஊறியிருக்குமா? சாமி, ஒரு பத்து நிமிஷம் ஊறட்டும், அவன் வயிறு நிறையட்டும். நான் அவனுக்குக் கெட்டது நினைக்கவில்லை. நினைத்தேனா? ஆஸ்பத்திரியிலிருந்து அவனைக் கொண்டுவந்த அன்றைக்கு, போர்வைக்குள் அவன் எவ்வளவு சின்னதாக இருந்தான் என்று பார்த்ததும், மிளிரை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேனே. அது எதற்கு? சும்மா நின்றேன். சும்மாதான். வாசலில் கார் ஹாரன் கேட்டது. இருபது நிமிஷத்தில் வந்துவிட்டார்கள், இன்றைக்கென்று பார்த்து அவினாசி ரோட்டில் ஒரு லாரிகூடக் குறுக்கே நிற்கவில்லை.

அத்தைதான் பையனைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறி வந்தாள், பின்னால் கோகிலா, தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு, படிக்கு ஒரு தரம் நின்று நின்று. முகம் வெளுத்து, தலை வாரி எத்தனை நாளோ. "இந்தா அம்மிணி, புடி. காத்தாலிருந்து கத்திக் கத்தித் தொண்ட வத்திப் போச்சு" என்று அத்தை பையனை மடியில் வைத்தாள். கனமே இல்லை. ரெண்டு கையிலும் வைத்துப் பார்த்தாலும் கனமே இல்லை, உள்ளங்கையில் எலும்புதான் தட்டுப்பட்டது. அத்தை தாரணியின் போனை எடுத்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள், எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள், இன்னொரு குழந்தையைச் சேர்க்க என்று ஒரு பொத்தான் இருக்கிறதாம், வழியெல்லாம் சிவசங்கரிடம் போனில் கேட்டுக்கொண்டே வந்தாளாம். குழந்தையின் பெயர்? தம்பி என்று ஒவ்வோர் எழுத்தாக அமுக்கினாள். "ரோசாக் கலரு அமுக்கட்டுமா?" என்று கேட்டு, அமுக்கியும் விட்டாள். ஒன்று, ரெண்டு, மூன்று என்று நொடி ஓட ஆரம்பித்தது. "நான் வெளிய உக்காந்துக்கறேன், எங்கண்ணே பட்றப் போகுது. கோகிலா, நீ உள்ள இருந்து பாத்துக் கத்துக்க, எப்படிப் புடிக்கறான்னு." கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

பையன் பிடித்தான். அவன் பிடிக்கமாட்டான் என்றுதான் தாரணி கடைசிவரைக்கும் நம்பிக்கொண்டிருந்தாள். குறுக்கே சாய்த்ததுமே மூக்கை உரசித் தேடி, வாயை அவ்வளவு அகலமாகத் திறந்து, எப்படித்தான் அந்தச் சின்ன வாய்க்கு அவ்வளவு பலமோ, கவ்வினான். உறிஞ்சினான். ஒன்று, ரெண்டு, மூன்று, நாலு, நிறுத்தினான். விழுங்க ஒன்றுமில்லை. கண்ணைத் திறந்து மேலே பார்த்தான். மறுபடியும் உறிஞ்சினான், முன்னைவிட வேகமாக, நெற்றியெல்லாம் சுருங்க. அடிவயிற்றில் பழைய இழுப்பு ஒன்று வந்து போனது, மிளிர் பிறந்த வாரத்தில் வந்த அதே இழுப்பு, அடக் கடவுளே வருகிறது, வருகிறது. வரவில்லை. வெறும் இழுப்பு. விட்டுவிட்டு அழுதான், அழக்கூடத் தெம்பில்லாத அழுகை. திரும்பவும் தேடினான். கோகிலா எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பையனின் தொண்டையைத்தான் பார்க்கிறாள் என்று தாரணிக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. விழுங்கும்போது ஏறி இறங்குமே, அந்த இடத்தை. தாரணி முந்தியில்லாத நைட்டியில் முந்தியைத் தேடினாள்.

"தாரணி" என்றாள் கோகிலா, கதவுக்கு வெளியே கேட்காத குரலில். "எனக்குத் தெரியும்." தாரணி பையனின் தலையைச் சரிசெய்தாள். "உன்னையப் பாரு, உன்னையப் பாருன்னு தெனமும் உன்ற கட்டத்தத்தான் பாத்துட்டிருக்கறேன். எனக்கு மூணு நிமிசம் வருது, அப்பறம் நாப்பது, அப்பறம் அஞ்சு. அவன் தூங்கிப் போயிருவான், கத்துவான், கடிப்பான். உனக்கு எல்லா நாளும், எல்லா நேரமும் எடது பதினஞ்சு, வலது பதினஞ்சு. ஒரு நாள்கூடப் பாப்பா நடுவுல தூங்குனதில்லியா?" செக்கிங்கில் ஆறு வருஷம் தாரணி செய்ததும் இதுதானே. இருபது பீஸுக்கும் நெஞ்சளவு ஒரே மாதிரி எழுதியிருந்தால், ஒரு பீஸைக்கூட அளக்கவில்லை என்று அர்த்தம். சீட்டைப் பார்த்ததுமே எழுதினவளைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்பாள். எத்தனை பெண்களைக் கேட்டிருக்கிறாள்! அதே ஆள் உட்கார்ந்து தொண்ணூறு நாள் பதினைந்து பதினைந்து என்று எழுதியிருக்கிறாள், மடச்சி. "எங்க வெச்சிருக்கறே?" என்றாள் கோகிலா. கைகளை மடியில் சேர்த்து வைத்திருந்தாள், கெஞ்சுகிறாளா, குளிருகிறதா என்று தெரியாத மாதிரி. "நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். சத்தியமாச் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு வாட்டி குடு. ரெண்டு ஸ்பூன் போதும். கதவு சாத்தித்தான இருக்குது, யாருக்குத் தெரியும்? காத்தால இருந்து அவன் ஒண்ணுக்குக்கூடப் போகல தாரணி."

கொடுத்துவிடலாம். எழுந்து நாலு எட்டு வைத்தால் அலமாரி. கொடுத்துவிடு. கொடுத்தால் அவன் குடிப்பான், மடமடவென்று, மிளிர் குடிக்கிற மாதிரி, குடித்துவிட்டுத் தூங்குவான். கொடுத்தால் கோகிலாவுக்குத் தெரிந்துவிடும். இப்போதே தெரியுமே? இப்போது தெரிவது சந்தேகம், கொடுத்துவிட்டால் சாட்சி. அப்புறம் இவள் கீழ்வீட்டில் இருப்பாள், இவளுக்குத் தெரியும், வாழ்நாள் முழுக்க. ஒவ்வொரு பொங்கலுக்கும், ஒவ்வொரு விசேஷத்துக்கும், ஒறம்பரை, சொந்தபந்தம் முன்னால் ஒரு வார்த்தை சொல்லாமல் சும்மா பார்ப்பாள். நின்னுட்டிருந்தா என்று சொன்ன வாய். சொல்ல மாட்டேன் என்கிறாள், இன்றைக்குச் சொல்ல மாட்டாள், பையன் தேறினதும்? மடியில் பையன் மறுபடியும் தேடினான், நைட்டித் துணியை வாயில் கவ்விக்கொண்டு சப்பினான், துணி எச்சிலில் நனைந்தது. நொடி ஓடிக்கொண்டிருந்தது, ஒன்பது நிமிஷம் முப்பத்திரண்டு. தாரணி கோகிலாவின் முகத்தைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருந்தால் கொடுத்திருப்பாளோ என்னவோ. "என்னக்கா பேசறீங்க?" என்றாள். குரல் அவளே அசந்துபோகிற அளவுக்கு நிதானமாக இருந்தது. "தூக்கமில்லாம உங்களுக்கு என்னென்னமோ தோணுது. எங்கிட்ட என்ன இருக்குது?"

கோகிலா எழுந்தாள். தையல் வலித்திருக்க வேண்டும், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். போய்க் கதவைத் திறந்தாள். "அத்தை, இவளுக்கும் பால் இல்லீங்க" என்றாள். அழாமல், சத்தம் போடாமல், எடை மிஷினில் எண்ணைப் படிக்கிற மாதிரி. "டப்பாப் பால்தான் குடுக்கறா. அந்தச் சீட்டு இல்லீனாலும் பரவால்லீங்க, நான் போயி மறுபடி எழுதி வாங்கிட்டு வந்தர்றேன்." அத்தை நாற்காலியில் இருந்தபடியே அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே வந்து, தொட்டில் சேலையை விலக்கி, தூக்கத்தில் உதைத்துக்கொண்டிருந்த மிளிரின் காலை எடுத்துக் காட்டினாள். மூன்று மடிப்பு விழுந்த தொடை. "இது காத்தக் குடிச்சு வளந்ததா? நீ பாடம் படிச்சவ, சொல்லு. உனக்கில்லீங்கறதுக்காக இருக்கறவளப் பழி சொல்லுவியா? எத்தன நாளா மனசுக்குள்ள வெச்சுட்டிருந்தே?" தாரணி ஒன்றும் சொல்லத் தேவையில்லாமலே முடிந்திருக்கும். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் மடியில் அழுதுகொண்டிருந்த பையனை அத்தை திரும்பிப் பார்த்தாள், அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது, அதற்கு யாராவது ஒரு பதில் சொல்லியாக வேண்டும். "அதெல்லாம் வேண்டாங்க அத்தை, அக்காவத் திட்டாதீங்க" என்றாள் தாரணி. "எனக்கு வடியுதுங்க. நைட்டியெல்லாம் நனஞ்சு கெடக்குது பாருங்க. தம்பிக்குத்தான் உறிஞ்சத் தெரியல. பாவம், பழக்கியிருக்கோணும்."

அத்தை குனிந்து நைட்டியைத் தொட்டுப் பார்த்தாள். நனைந்துதான் இருந்தது. "அதானே" என்றாள். பிறகு அவள் கோகிலாவைப் பேசினதையெல்லாம் திருப்பிச் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஏழு வருஷம், ஊசி, இருபத்துநாலு நாளாக ஒரு குழந்தைக்கு வாய் பிடிக்கக்கூடப் பழக்காத பொம்பளை, எல்லாம் வந்தது. கோகிலா தாரணியின் மடியிலிருந்து பையனை வாங்கிக்கொண்டாள். வாங்கும்போது அவள் விரல் தாரணியின் நெஞ்சில் பட்டது, காய்ந்து கிடந்த நெஞ்சில், பட்டதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ரெண்டு மணி நேரத்துக்கொருக்கா மேல கொண்டாரேன், பழகிக்குவான்" என்று சொல்லிக்கொண்டே அத்தை போனில் நிறுத்து என்பதை அமுக்கினாள். தம்பி, இடது, பதினான்கு நிமிஷம். மூன்று போனில் மணி அடித்தது, கோகிலாவின் இடுப்பில் செருகியிருந்த போனிலும் சேர்த்து. படியில் கோகிலா இறங்கும் சத்தம் படிக்கு ஒரு தரம் நின்று நின்று கேட்டது.

சத்தத்தில் மிளிர் விழித்துவிட்டாள். பதினொன்றரை, அவளுடைய நேரம்தான். தாரணி கதவைத் தாழ் போட்டாள். அலமாரி, பை, டப்பா. ஐந்து ஸ்பூன், தலை தட்டி. ப்ளாஸ்க்கிலிருந்து வெந்நீர், ஆறவைத்த தண்ணீர் கொஞ்சம், குலுக்கி மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தாள். மிளிரை மடியில் போட்டு பாட்டிலை வாயில் வைத்துவிட்டு இடதை அமுக்கினாள். மிளிர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். கீழ்வீட்டில் பையன் அழுதான். ஜன்னல் வழியாக வந்தது, கொஞ்சம் அழுகை, பிறகு நிற்கும், நின்றதும் தாரணி காதைத் தீட்டிக்கொள்வாள், பிறகு மறுபடி வரும், முன்னைவிட மெல்லிசாக. ரெண்டு மணி நேரத்துக்கொருக்கா. ஒன்றரைக்கு. மூன்றரைக்கு. ஐந்தரைக்கு. நாளைக்கு அவர்களே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள், அங்கே கொடுப்பார்கள், கொடுக்காமலா இருப்பார்கள்? நாளைக்குப் போய்விடுவார்கள். இன்றைக்கே சாயங்காலம் போனாலும் போவார்கள். மிளிர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், இன்றைக்கு அவளுக்கு அவ்வளவாகப் பசியில்லை, பாட்டிலின் அடியில் ஓர் அவுன்ஸ், ஒன்றரை அவுன்ஸ் மிச்சம் இருந்தது. மிச்சத்தை வைக்கக்கூடாது, வாசம் காட்டிக்கொடுத்துவிடும். அவளைக் கட்டிலில் தலையணை அணை கொடுத்துப் போட்டுவிட்டு, குளியலறைக்குப் போய், பாட்டிலை ஜலதாரையில் கவிழ்த்தாள். வெள்ளையாக ஓடியது. கீழ்வீட்டுச் சத்தம் அங்கேதான் இன்னும் தெளிவாகக் கேட்டது, குழாய் வழியாக வருமோ என்னவோ. குழாயைத் திறந்துவிட்டு, வெள்ளை போகிறவரைக்கும் காலால் தள்ளிக் கழுவினாள். திரும்பி வந்து போனை எடுத்தாள். பதினோரு நிமிஷம் ஆகியிருந்தது. பதினைந்துக்குக் காத்திருக்கவில்லை, அங்கேயே நிறுத்தினாள். இடது பதினொன்று. அப்புறம் வலதுக்கு எவ்வளவு போட்டால் நம்பும்படியாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.